இருபத்தேழாவது அத்திவாரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஏறியவர்கள் இருபத்தைந்து பேர்: பஸ் ஓட்டிய கிருபாகரன், யோகராணியும் அவளுடைய இரண்டு மருமக்களும், ஸ்டனிஸ்லாஸ் மாஸ்டரும் அவருடைய மனைவியும், வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு வருகிற பெண்கள் ஆறு பேர், காட்ஸ் விளையாடுகிற ஆண்கள் நாலு பேர், என் மைத்துனன் சிவபாதம், அவன் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள் மூன்று பேர், புதிதாகக் கலியாணம் செய்த ஒரு சோடி, என் மனைவி ஞானமலர், நான். புதுப்பெண் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள், ஆனால் வயிற்றில் இருப்பதை நான் எண்ணுவதில்லை. பஸ்ஸில் சோற்றுப் பார்சல் முப்பதும் தண்ணீர்ப் போத்தல் ஐம்பதும் இருந்தன.

இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் வாழ்கிற எங்கள் ஆட்கள் வருடத்துக்கு இரண்டு தடவை இப்படி எங்காவது போவோம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஆட்களை எண்ணுவது என் பொறுப்பு. நான் ஏழாம் வகுப்புவரை படித்தவன். ஊரில் சீமெந்துக் கல் அரிகிற வாடியில் கல் எண்ணினேன். இங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் படிக்கட்டுத் துடைக்கிறேன், படிகள் நூற்றெழுபத்திரண்டு. கூட்டத்தில் பேச எனக்கு வராது. எண்ண வரும்.

அந்த மலையைத் தெரிந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, நுழைவு இலவசம். மேலே இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னர் கிரேக்கர் கட்டிய கோட்டை ஊர் ஒன்று இருப்பதாகவும், அவர்கள் கடல் தாண்டி வந்தவர்கள் என்றும், ஏற்கெனவே இருந்தவர்களுக்குப் பயந்து ஊரைச் சுற்றி மூன்று முழ அகலத்தில் மதில் எழுப்பினார்கள் என்றும், பிறகு ஒரு நாள் எல்லோரும் ஒரேயடியாக எழும்பிப் போய்விட்டார்கள் என்றும் வாசலில் ஒரு பலகை சொன்னது. சிவபாதத்தின் மூத்த மகள் அதை வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். ஏன் போனார்கள் என்பது தெரியவில்லை என்று பலகை முடிந்திருந்தது.

"எங்களைக் கேட்டிருக்கலாமே," என்றாள் யோகராணி. "சொல்லியிருப்பம்."

மதிலில் ஒரு வாசல்தான். அதற்குள்ளே தெருக்கள் இருந்தன, தெருக்களின் இரண்டு பக்கமும் வீடுகளின் அத்திவாரங்கள் இருந்தன, சில இடங்களில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் நின்றது, கூரை எங்கும் இல்லை. நான் எண்ணினேன், பத்தொன்பது வீடுகள். வடக்கு மதிலோடு ஒட்டிய பகுதி இன்னும் தோண்டப்படாமல் புல்லும் முள்ளுமாகக் கிடந்தது.

எங்கள் ஆட்களுக்கு இது புதிய காட்சி அல்ல. கூரை போய், கதவு நிலை போய், சுவரும் போய், அத்திவாரம் மட்டும் மிஞ்சிய தெருக்களில் நடந்து, இது இன்னாருடைய வீடு, இது இன்னாருடைய கிணற்றடி என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். ஆகையால் ஒருவரும் வாய் பார்க்கவில்லை, படமும் அதிகம் எடுக்கவில்லை, வெயிலுக்குத் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, சாவீட்டுக்குப் போகிறவர்களைப் போல மெதுவாக நடந்தோம். ஏழாவது வீட்டு வாசற்படியில் யோகராணி நின்றாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய், முன் அறையைக் கடந்து, பின் அறையில் குந்தியிருந்து, மண்ணைக் கையால் தள்ளினாள். கீழே சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தது. தரையில் கோழிக்கால் அடையாளங்கள் வாசலை நோக்கிப் போயின.

"இது என்ரை குசினி," என்றாள். "எண்பத்தாறாம் ஆண்டு மினுக்கின தரை. காய முன்னம் கோழி நடந்திட்டுது. அண்டைக்கே அதைக் கறி வைச்சனாங்கள்."

பஜனைப் பெண்களில் ஒருத்தி அவளுடைய ஊர்க்காரி. அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள், சுற்றிப் பார்த்தாள், ஒரு மூலையைக் காட்டினாள்.

"ஓம். நான் உங்கடை வீட்டை வந்தா அதிலைதானே இருக்கிறனான். புகைக் கூண்டு இந்தப் பக்கம்."

நான் கோழிக்கால் அடையாளங்களை எண்ணினேன். பதினொன்று. "பதினொண்டுதானே, அருளண்ணை?" என்று யோகராணி திரும்பிப் பாராமலே கேட்டாள். நான் ஓம் என்றேன். பிறகு எல்லோரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். ஏனென்றால் ஒருவர் வீட்டு வாசல்வரை வந்து சாப்பிடாமல் போவது சரியில்லை. இருபத்தைந்து சோடி செருப்புத் தெருவில் கிடந்தது.

அன்று பின்னேரத்துக்குள் இன்னும் இரண்டு வீடுகள் கிடைத்தன. சிவபாதம் தன்னுடையதை மாட்டுத் தொட்டியால் கண்டுபிடித்தான். ஸ்டனிஸ்லாஸ் மாஸ்டர் தன்னுடையதைப் படிக்கட்டால் கண்டுபிடித்தார், மூன்றாவது படி மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையானது, அதில் அவர் நாற்பது வருடம் தடக்கியிருக்கிறார், அன்றைக்கும் தடக்கினார்.

ஐந்து மணிக்குக் காவலாளி கலோஜெரோ விசில் ஊதிக்கொண்டு வந்தார். அறுபது வயது, மீசை, காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். வீட்டுக்குள் இருந்த எங்களைப் பார்த்தார், வாசலில் இருந்த செருப்புகளைப் பார்த்தார், விசிலை வாயிலிருந்து எடுத்தார். மூட வேண்டும், மன்னிக்க வேண்டும் என்றார். நாங்கள் இறங்கினோம். பஸ்ஸில் எண்ணினேன், இருபத்தைந்து.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனோம். இரண்டாவது கிழமை டிக்கெட் கேட்பார்கள் என்று கிருபாகரன் பயந்தான். கலோஜெரோ யோசித்துவிட்டு, வீட்டுக்காரருக்கு டிக்கெட் இல்லை என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். கத்தானியாவிலிருந்தும் மெசினாவிலிருந்தும் ஆட்கள் ரயிலில் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களை நான் முதலாம் வீட்டிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவேன். சிலர் மூன்றாம் வீட்டில் நின்றார்கள், சிலர் பதினாறாம் வீட்டில் நின்றார்கள், நின்றவர் செருப்பைக் கழற்றுவார், நான் கொப்பியில் எழுதுவேன். ஏழாவது ஞாயிறு முடியும்போது பத்தொன்பது வீட்டுக்கும் ஆள் இருந்தது.

வீடு கிடைத்தவர்கள் வீட்டுக்காரர் செய்கிறதைச் செய்தார்கள். கூட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். அடுப்பு மூட்டக் கூடாது என்று கலோஜெரோ சொன்னதால் பாலை வீட்டிலேயே காய்ச்சிப் பிளாஸ்க்கில் கொண்டுவந்து வடகிழக்கு மூலையில் ஊற்றிக் குடிபுகுந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் சுவருக்கு மேலால் கால் வைத்துத் தாண்டி வந்தால் யோகராணி இத்தாலியத்தில் ஏசுவாள், வாசல் இருக்கிறது, வாசலால் வாருங்கள், உங்கள் வீட்டுச் சுவரில் நான் ஏறினால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பாள். அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சுற்றி வருவார்கள், அவள் கடலை வடை கொடுப்பாள்.

எட்டாவது ஞாயிறு எல்லைச் சண்டை தொடங்கியது. அது எப்படியும் வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

"மாஸ்டர், உங்கடை படிக்கட்டு என்ரை வளவுக்குள்ளை ஒரு சாண் நிக்குது."

"பிள்ளை, அது கிரேக்கர் வைச்ச படிக்கட்டு. நான் வைக்கேல்லை."

"வீடு உங்கடை எண்டா படிக்கட்டும் உங்கடைதானே. வீடு உங்களுக்கு, பிழை கிரேக்கனுக்கோ?"

"இஞ்சை பார் யோகராணி, இளவாலையிலை இருந்த வீட்டிலையும் இது இப்பிடித்தான் நிண்டது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"அங்கை உங்களுக்கும் எனக்கும் நடுவிலை எழுபது மைல் இருந்தது. ஆர் வந்து சொல்லுறது?"

என்னைக் கூப்பிட்டார்கள். நான் கயிறு போட்டு அளந்தேன். ஒரு சாண் இல்லை, நாலு அங்குலம். நாலு அங்குலமும் மண்தான் என்றாள் யோகராணி. மூன்று கிழமை இரண்டு வீட்டாரும் முகம் கொடுக்கவில்லை. மாஸ்டரின் மனைவி மட்டும் சுவருக்கு மேலால் கறி கொடுத்து வாங்கினாள். கடைசியில் கலோஜெரோ சிவப்பும் வெள்ளையுமான நாடா ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் கட்டி, பாதிப் பாதி, இரண்டு அங்குலம் அவருக்கு, இரண்டு அங்குலம் உனக்கு என்று தீர்த்துவைத்தார். அதற்குள் அவரும் யாருடைய வளவைக் கடப்பதானாலும் வெளியில் நின்று செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை மாணவர்களோடு வந்தாள், வடக்கு மதிலடியைத் தோண்டுவதற்கு. ஒரு நாள் அவள் மண்ணிலிருந்து எடுத்த வெண்கலச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து, விளிம்பில் புள்ளி புள்ளியாக எழுத்து இருக்கிறது, கிரேக்கம் இல்லை, ஒருவருக்கும் வாசிக்க முடியவில்லை என்றாள். யோகராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்: க. யோகராணி. அப்பா சீதனத்துக்கு வாங்கித் தந்தது, அடியில் ஒரு நெளிவு இருக்கும் பாருங்கள் என்றாள். இருந்தது. பேராசிரியை அதைக் குறித்துக்கொண்டாள். சட்டியைத் தர முடியாது, அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்றாள். பரவாயில்லை, அதில் புளி வைக்க வேண்டாம் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லுங்கள் என்றாள் யோகராணி. அதன் பிறகு பேராசிரியையின் வரைபடத்தில் வீட்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் பெயரும் இருந்தது.

வீடு கிடைக்காதவர்கள் அப்போது பன்னிரண்டு குடும்பம். அவர்களுடைய பெயர்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன். முதலாவது பெயர் எங்களுடையது.

நாங்கள் மூன்று பேர் இருந்தோம். யுத்தத்தின் அந்தக் கடைசி மே மாதத்தில் கழுத்தளவு தண்ணீரைக் கடக்கும்போது முன்னாலும் பின்னாலும் சனம். இறங்குவதற்கு முன்னர் ஞானமலர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கை விட்டுப்போனால் வீட்டுக்கு வா, எங்கை போனாலும் நாங்கள் வீட்டை வந்துதான் இருப்பம் என்று சொன்னாள். மகளின் பெயர் நிரோஜினி. பதினேழு வயது. நடுத்தண்ணீரில் எண்ணினேன், மூன்று. கரையில் எண்ணினேன், இரண்டு. முகாமிலிருந்து விட்டபோது வீட்டைப் பார்க்கப் போனோம், வீடு இல்லை, காணிக்கு நடுவால் தார் ரோட்டுப் போட்டிருந்தார்கள், அத்திவாரமும் அதற்குக் கீழே போய்விட்டது. பிறகு சிவபாதம் எங்களை இங்கே எடுப்பித்தான். ஞானமலர் வந்தாள், சமைத்தாள், வேலைக்குப் போனாள். அழுததை நான் பார்க்கவில்லை. நானும் அழவில்லை. வருடக்கணக்காக ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "அவள் வீட்டை வந்தா, எங்கை வாறது?"

ஆகவே அந்தக் கோடை முழுவதும் அவள் மதிலடியில் ஒரு கல்லில் இருந்து மண் விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாணவர்கள் சின்னக் கரண்டியால் சுரண்டுவார்கள், தூரிகையால் தட்டுவார்கள், ஒரு சுவர் தெரியும், இன்னொரு சுவர் தெரியும், ஓர் அறை தெரியும், அவள் எழும்பிப் போய்ப் பார்ப்பாள், திரும்பி வந்து இருப்பாள். இருபதாவது வீடு கிளிநொச்சிக் குடும்பம் ஒன்றுக்குப் போனது. இருபத்தொன்று கிருபாகரனின் தாயாருடையது. இருபத்தாறாவது வீடு புதுப்பெண்ணின் தகப்பன் வீடு. அவள் அதற்குள் பிள்ளையைப் பெற்றிருந்தாள், அந்தப் பிள்ளையை நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். ஏழு வீடுகள் தோண்டி ஏழு குடும்பத்துக்குக் கிடைத்தன. மிச்சம் ஐந்து.

ஐப்பசியில் பேராசிரியை எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னாள், அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது, மதிலுக்கு உள்ளே இன்னும் ஒரு வீட்டுக்குத்தான் இடம் இருக்கிறது, அதற்கு அங்கால் வெறும் பாறை. சொல்லிவிட்டுக் கீழே பார்த்தாள். அவளுக்கும் கணக்குத் தெரியும்.

இருபத்தேழாவது வீடு மாதத்தின் கடைசி ஞாயிறு முழுதாக வெளியே வந்தது. ஐந்து குடும்பமும் போனோம். மற்ற நாலு குடும்பமும் ஒவ்வொன்றாக வாசலில் நின்று பார்த்தார்கள். பொய் சொல்ல ஒருவரும் முயலவில்லை. "எங்கடை இல்லை," என்றார் ஒருவர். "எங்கடையிலை கிணறு மேற்காலை," என்றாள் ஒருத்தி. நாலு குடும்பமும் விலகி நின்று ஞானமலரைப் பார்த்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"நடந்து பாத்துச் சொல்லுங்கோ."

எங்கள் வீட்டை நானே கல் அடுக்கிக் கட்டினேன். வாசற்படியிலிருந்து குசினிப் பின்வாசல்வரை இருபத்துநாலு அடி எடுத்து வைக்க வேண்டும். எத்தனையோ ஆயிரம் தடவை நடந்திருக்கிறேன், இருபத்துநாலுதான். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். முன் அறை சரியாக இருந்தது. யன்னல் இடமும் சரியாக இருந்தது. குசினி மூலையில் உரல் பதித்த குழி ஒன்று இருந்தது. நாங்கள் உரல் பதித்ததில்லை, ஞானமலர் பக்கத்து வீட்டில்தான் மா இடித்தாள். பின்வாசலுக்கு வந்தபோது இருபத்துமூன்று.

நான் கல் எண்ணிய பதினொரு வருடத்திலும், பஸ்ஸில் ஆள் எண்ணிய இத்தனை வருடத்திலும், ஒரு தடவையும் பிழையான எண் சொன்னதில்லை. கரையில் நின்று இரண்டு என்று சொன்னவனும் நான்தான்.

"இருபத்துநாலு," என்றேன்.

"அவ்வளவும் காணும்," என்றாள்.

யோகராணி வந்து ஞானமலரின் தலையைத் தடவினாள். மாஸ்டர் என் கையைப் பிடித்தார். ஞானமலர் உள்ளே போனாள், பையிலிருந்து பாயை எடுத்தாள், நேரே குசினி மூலைக்குப் போய் அந்தக் குழியின் மேல் அதை விரித்தாள். பிறகு முன் அறையில், மதில் வாசல் தெரிகிற பக்கமாக வந்து இருந்தாள். நான் கொப்பியை எடுத்து முதலாவது பெயரை வெட்டினேன். மிச்சம் நாலு என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் ஒரே மாதிரிப் போயின. அவள் தேநீர்ப் பிளாஸ்க்கோடு இருப்பாள், மூன்று கோப்பை வைத்திருப்பாள், வாசலைப் பார்ப்பாள். நான் வளவைக் கூட்டுவேன். எங்களுக்குச் சந்தோசமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தோண்டல் முடிந்து மூன்றாவது ஞாயிறு கத்தானியாவிலிருந்து ஒருத்தி தனியே வந்தாள். தவநிதி என்று பெயர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒரு முதியவரைப் பராமரிக்கிற வேலை, லீவு கிடைக்காமல் இத்தனை நாள் வரமுடியவில்லை என்றாள். நான் முதலாம் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். இருபத்தாறு வீடுகளையும் ஒவ்வொரு பார்வை பார்த்துக்கொண்டு நடந்தாள், எங்கும் நிற்கவில்லை. எங்கள் வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள்.

"வாங்கோ, இருங்கோ," என்றாள் ஞானமலர்.

"இருக்கிறன். ஒருக்கா நடந்து பாத்திட்டு வாறன்."

அவள் நடந்தாள். வாய் அசைந்தது. பழக்கத்தில் நானும் எண்ணினேன். இருபத்துமூன்று. பின்வாசலில் திரும்பி, தேடாமல், நேரே மூலைக்குப் போனாள். பாயின் ஓரத்தைக் காலால் விலக்கினாள். குழிக்குள் குதிக்காலை வைத்துப் பார்த்தாள்.

ஞானமலர் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிரம்பியும் கையை எடுக்கவில்லை, தேநீர் தரையில் போனது. தலையை நிமிர்த்தவும் இல்லை.

தவநிதி வந்து அவளுக்கு முன்னால் இருந்தாள். மற்ற இரண்டு கோப்பைகளையும் பார்த்தாள்.

"ஆரையும் பாத்துக்கொண்டு இருக்கிறியளோ, அக்கா?"

"மகளை."

"எத்தினை வயசு?"

"பதினேழு."

தவநிதி தலையாட்டினாள். தேநீரை எடுத்து ஊதி ஊதிக் குடித்தாள். நான் வாசலில், வளவு கூட்டிய தும்புத்தடியோடு நின்றேன்.

"உங்களுக்கு ஆரும் வர இருக்கினமோ?" என்று ஞானமலர் கேட்டாள்.

"இல்லை, அக்கா. எனக்கு ஒருத்தரும் வர இல்லை."

குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். எழும்பிப் போய்ப் பாயின் ஓரத்தைத் திரும்ப இழுத்து, குழி தெரியாமல், நேராக விரித்துவிட்டாள். வாசலுக்கு வந்தாள்.

"நல்ல வீடு," என்றாள். "வெளிச்சம். எங்கடை இதில்லை."

செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு அடி போனவள் நின்று திரும்பினாள்.

"அண்ணை, வீடு கிடைக்காத ஆக்களின்ரை பேர் எழுதி வைச்சிருக்கிறியளாம். என்ரையையும் எழுதுங்கோ."

நான் கொப்பியைத் திறந்தேன். நாலு பெயர் இருந்தது. கீழே எழுதினேன்: தவநிதி, கத்தானியா. பிறகு, எப்போதும் செய்கிற மாதிரி, மேலிருந்து கீழாக ஒரு தடவையும் கீழிருந்து மேலாக ஒரு தடவையும் எண்ணினேன். இருக்க வேண்டிய ஒரு பெயர் அதில் இல்லை, இருக்கக் கூடாத ஒரு பெயர் இருந்தது, மூன்று கிழமையாகப் பிழையாக இருந்த தொகை இப்போது சரியாக இருந்தது. ஐந்து.